டூப்ளிகேட்டரில் பேப்பர் சிக்குகிறதா? ட்ரேயில் தொடங்கி வெளித்தட்டு வரை முழுமையான வழிகாட்டி

டூப்ளிகேட்டரில் பேப்பர் சிக்கியதும் பெரும்பாலான அலுவலகங்களில் ஒரே கதைதான் நடக்கும். மூடியைத் திறப்பார்கள், சிக்கிய தாளை உருவுவார்கள், மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார்கள். திரும்பத் திரும்பச் சிக்கினால், கண்ணில் படுகிற லீவரை ஒரு பக்கம் தள்ளிப் பார்ப்பார்கள். அதோடு கோளாறு இரண்டாகிவிடும்: முதலிலேயே இருந்தது ஒன்று, லீவரைத் தள்ளியதால் வந்தது இன்னொன்று.

இந்த வழிகாட்டியில் லீவர் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள்ளேயே பல கோளாறுகள் தீர்ந்துவிடும்.

இங்கே பேசுவது டிஜிட்டல் டூப்ளிகேட்டர்களைப் பற்றி. ரைசோ, ரிக்கோ, டூப்லோ போன்ற பெயர்களில் வருபவை. மூலப்பிரதியை ஸ்கேன் செய்து, வெப்பத் தலையால் மாஸ்டர் என்ற மெல்லிய படலத்தில் நுண்துளைகள் போட்டு, அந்த மாஸ்டரை மை உள்ள டிரம் என்ற உருளையின் மேல் சுற்றிக்கொண்டு அச்சடிக்கும் வகை. நிமிடத்துக்கு 120 தாள் ஓடுகிறது என்றால் ஒரு தாளுக்குக் கிடைப்பது அரை விநாடி. அதற்குள் அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாள் பிரிய வேண்டும், நேராக வேண்டும், டிரம் சுற்றும் நேரத்தோடு சேர வேண்டும், மையில் ஒட்டிக்கொள்ளாமல் விலகி வெளியே போய் விழ வேண்டும். இவ்வளவு வேகத்தில் தாளில் இருக்கிற சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும். ஜெராக்ஸ் மெஷினில் சிக்காமல் போகிற தாள் இதில் சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: மூன்று உராய்வுகள்

அடுக்கின் மேல் தாளை ஒரு ரப்பர் ரோலர் முன்னால் தள்ளுகிறது. இதைப் பிக்கப் ரோலர் என்பார்கள். தாள் போகும் வழியில், ரோலருக்கு எதிராகக் கீழிருந்து ஒரு சிறிய பேட் அழுத்திக்கொண்டிருக்கும். செபரேஷன் பேட், ஸ்ட்ரிப்பர் பேட் என்று பிராண்டுக்கு ஒரு பெயர். மேல் தாளோடு ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டாவது தாளை நிறுத்திவைப்பதுதான் அதன் வேலை.

இது சரியாக நடக்க மூன்று பிடிகள் ஒரு வரிசையில் இருக்க வேண்டும். ரோலருக்கும் தாளுக்கும் உள்ள பிடி எல்லாவற்றையும்விட அதிகம். பேட்டுக்கும் தாளுக்கும் உள்ளது அதற்கு அடுத்தது. தாளுக்கும் தாளுக்கும் உள்ளது எல்லாவற்றையும்விடக் குறைவு. ரோலர் வழுக்கினால் தாள் வராது. பேட் வழுக்கினால் இரண்டு தாள் சேர்ந்து போகும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கொத்தாகவே போகும். தாள் எடுக்கும் இடத்தில் வருகிற கோளாறு எதுவானாலும் இந்த வரிசை எங்கோ கலைந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பிடி கலைந்தது, எதனால் கலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இனி வருகிற படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எங்கே நின்றது என்று பாருங்கள், உடனே உருவாதீர்கள்

சிக்கிய தாள்தான் முதல் சாட்சி. அதைக் கிழித்து எடுத்துவிட்டால் சாட்சி போய்விடும். கிழிந்த துண்டு உள்ளே தங்கி அடுத்த சிக்கலுக்கும் வழி செய்யும். திரையில் எரிகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, மூடியைத் திறந்து, தாளின் முன்விளிம்பு எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள்.

முன்விளிம்பு ட்ரேயிலேயே இருக்கிறது, அல்லது ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்து நின்றுவிட்டது என்றால், கோளாறு பிக்கப் ரோலர், பேட், தாள் ஆகிய மூன்றுக்குள்தான்.

ட்ரேயைத் தாண்டி, டிரம்முக்குச் சற்று முன்னால் உள்ள ஜோடி ரோலர்களில் நின்றிருந்தால், தாள் தாமதமாகவோ சாய்வாகவோ வந்திருக்கிறது. இந்த ஜோடியை டைமிங் ரோலர் என்பார்கள். சிக்கிய இடம் இதுவானாலும் தவறு பெரும்பாலும் இதற்கு முந்தைய கட்டத்தில் நடந்திருக்கும். திரை காட்டுகிற இடத்திலேயே கோளாறு இருக்கும் என்று நம்பி டைமிங் ரோலரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

டிரம்மில் ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தால் அது மையும் மார்ஜினும் சம்பந்தப்பட்ட வேறு வகைப் பிரச்சினை. வெளிவாசலில் மடங்கிக் கிடந்தால் அது இன்னொன்று. இரண்டுக்கும் தனிப் படிகள் பின்னால் வருகின்றன.

இப்போது தாளை எடுங்கள். முடிந்தவரை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, இரண்டு கையாலும், இரு பக்கமும் சமமாக இழுத்து எடுக்க வேண்டும். எடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்விளிம்பு துருத்தி மாதிரி மடிந்திருந்தால் முன்னால் ஏதோ தடுத்திருக்கிறது. ஒரு மூலை மட்டும் மடிந்திருந்தால் பக்கத் தடுப்பு இறுக்கம், அல்லது தாள் சாய்ந்து போயிருக்கிறது. முன்பக்கத்தில் ரோலர் அகலத்துக்கு மங்கலான கறுப்புத் தேய்ப்பு இருந்தால் ரோலர் அதே இடத்தில் வழுக்கிக்கொண்டே சுற்றியிருக்கிறது. தாளில் ஒரு குறையும் இல்லை, இரண்டு தாள் ஒட்டியபடி வந்திருக்கின்றன என்றால் அது டபுள் ஃபீட்.

தாள் எதுவுமே சிக்கவில்லை, ஆனாலும் திரை ஜாம் என்கிறது என்றால் நேரே ஆறாவது படிக்குப் போகலாம்.

படி 2: தாளைச் சோதியுங்கள்

இந்தப் படிதான் நீளமானது. காரணம் இருக்கிறது. நேற்றுவரை ஓடிய மெஷின் இன்று காலையிலிருந்து சிக்குகிறது என்றால், ரோலர் ஒரே இரவில் தேய்ந்திருக்காது. தாள் மாறியிருக்கும், அல்லது தாளின் ஈரம் மாறியிருக்கும்.

ஒரு நல்ல ரீமிலிருந்து, இதுவரை பிரிக்காத 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சாதாரணத் தாளை எடுத்து ஐம்பது பிரதி ஓட்டிப் பாருங்கள். சிக்காமல் ஓடினால் மெஷின் நன்றாக இருக்கிறது. பிரச்சினை பழைய தாளில். இந்த ஒரு சோதனையை முதலில் செய்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். இதற்காகவே ஒரு நல்ல ரீமைத் தனியாக எடுத்து வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம்.

பழைய தாளில் என்ன பார்ப்பது?

ஈரம். அடுக்கை மேசையில் வைத்து, கண்ணை விளிம்பு மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஓரங்கள் அலை அலையாக நெளிந்திருந்தால் ஓரங்கள் ஈரத்தை இழுத்து விரிந்திருக்கின்றன, நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. இந்தத் தாள் ஒன்றோடொன்று ஒட்டும், விறைப்பும் இருக்காது. காற்று மிகவும் வறண்டிருந்தால் நேர் எதிர்: தாள்களில் நிலைமின்சாரம் ஏறி, பிரித்தாலும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் இரண்டு தொல்லையும் குறையும். கிடங்கிலிருந்து கொண்டுவந்த ரீமை உடனே பிரிக்கக் கூடாது. உறையோடு ஒரு நாள் மெஷின் இருக்கும் அறையில் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். மீதித் தாளை அதே உறையில் சுற்றி வையுங்கள். ரீம் உறை அழகுக்காகப் போட்டதில்லை. ஈரத்தைத் தடுக்கப் போட்டது.

சுருள்வு. பத்துத் தாளை எடுத்துச் சமதளத்தில் வைத்தால் முன்விளிம்பு மேலே தூக்குகிறதா, கீழே வளைகிறதா? மேலே தூக்கும் முன்விளிம்பு டிரம்மை நோக்கிப் போகும், போய் ஒட்டும். கீழே வளைந்த முன்விளிம்பு பேட்டில் முட்டும். லேசான சுருள்வு என்றால் அடுக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாலே போதும். பல ரீம்களின் உறையில், முதலில் எந்தப் பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வெட்டு விளிம்பு. பெரிய தாளை வெட்டிச் சிறிதாக்கிப் பயன்படுத்தும் இடங்களில் இதுதான் முக்கியக் குற்றவாளி. மழுங்கிய பிளேடால் வெட்டிய தாளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். விளிம்பில் விரலை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் சொரசொரவென்றும் இருந்தால் பிசிறு இருக்கிறது. ஒரு தாளின் பிசிறு அடுத்த தாளில் கொக்கி போட்டுக்கொள்ளும். டபுள் ஃபீட் நிச்சயம். நன்றாக விசிறிவிட்டு, அடுக்கைத் திருப்பி வேறு விளிம்பு முன்னால் போகும்படி வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

வெட்டிய தாள் சதுரமாக இருக்கிறதா என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்து, முன்பக்கம் பின்பக்கமாகப் புரட்டி, அதே அடுக்கின் மேல் கீழ் விளிம்பு ஒட்டும்படி வையுங்கள். மேல் மூலைகளில் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தால் வெட்டு கோணல். எந்த லீவரைத் திருப்பினாலும் இந்தத் தாள் நேராகப் போகாது.

நார்த்திசை. தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசை, தாள் மெஷினுக்குள் போகும் திசையோடு ஒத்திருந்தால் தாள் விறைப்பாக நின்று நேராகப் போகும். குறுக்காக இருந்தால் முன்விளிம்பு துவண்டு மடியும். மெல்லிய தாளில் இது அதிகம். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்லக் கிழித்துப் பாருங்கள். எந்தத் திசையில் கிழிசல் நேராக ஓடுகிறதோ அதுதான் நார்த்திசை.

தூசி. மறுசுழற்சித் தாளிலும் மலிவான தாளிலும் காகிதத் தூள் கொட்டும். ஒரு தாள்கட்டை எடுத்துக் கறுப்புத் துணியின் மேல் தட்டினால் தெரிந்துவிடும். இது தாளை மட்டும் கெடுப்பதில்லை, ரோலரையும் பேட்டையும் மாவு பூசியது போலாக்கிவிடும். அப்படிப்பட்ட தாளை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நான்காவது படியை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக விசிறுவது. எல்லோரும் செய்கிறோம் என்பார்கள். பலர் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் சர்ரென்று ஓட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். ஐம்பது அறுபது தாள் மட்டும் எடுத்து, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, கட்டை வளைத்து, பிடியைத் தளர்த்தி, மறுபடி நிமிர்த்தினால் தாள்களுக்கு நடுவே காற்று புகும். இரண்டு முனையிலும் செய்து, பிறகு நீள விளிம்பிலும் குறுகிய விளிம்பிலும் தட்டிச் சமமாக்கி வைக்க வேண்டும். முழு ரீமையும் ஒரே பிடியில் விசிறினால் நடுத்தாள்கள் பிரியவே பிரியாது.

படி 3: ட்ரேயும் பக்கத் தடுப்புகளும்

இது சீக்கிரம் முடிகிற வேலை. பக்கத் தடுப்புகள் தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இறுக்கினால் தாள் நடுவில் உப்பும், வரத் தயங்கும். தளர்த்தினால் சாய்ந்து போகும். இரண்டு தடுப்புகளையும் பூட்டும் லீவர் இருந்தால் பூட்டுங்கள். பல மெஷின்களில் அதைப் பூட்டாமல் ஓட்டுவதுதான் சாய்வுக்குக் காரணம், ஏனென்றால் அதிர்வில் தடுப்பு மெல்ல நகரும்.

அடுக்கு ட்ரேயின் உச்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. தீரும் நேரத்தில் பழைய தாளின் மேல் புதிய தாளைப் போடுவதும் நல்லதில்லை. இரண்டுக்கும் சுருள்வும் ஈரமும் வேறாக இருக்கும், சேரும் இடத்தில் சிக்கும். மீதித் தாளை எடுத்து, புதிய தாளோடு சேர்த்துத் தட்டி, ஒரே அடுக்காக வையுங்கள். வெவ்வேறு ஜி.எஸ்.எம். தாளை ஒரே அடுக்கில் கலக்கவே கூடாது.

ஸ்டார்ட் அழுத்தும்போது ட்ரே உயர்ந்து, மேல் தாள் ரோலரைத் தொட்டதும் நிற்க வேண்டும். உயரும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்து சாய்வாக நின்றால், ட்ரேயில் அதிக எடை வைத்திருக்கிறார்கள், அல்லது தூக்கும் அமைப்பில் கோளாறு. அட்டை போன்ற கனத்த தாளின் முன்பக்கம் வளைந்து தொங்கினால், அடுக்கின் அடியில் ஒரு தட்டையான அட்டையை வைத்துச் சமப்படுத்தலாம்.

படி 4: ரோலரையும் பேட்டையும் சுத்தம் செய்யுங்கள்

மெஷினை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தேவையானவை: பஞ்சு உதிராத துணி, தண்ணீர், சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ், டார்ச். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டவே வரக் கூடாது. ரப்பர் முதலில் பளபளவென்று சுத்தமானதாகத் தெரியும், பிறகு உப்பும், பிறகு வெடிக்கும். மெஷினோடு வந்த கையேட்டில் ரோலருக்கு எதைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறதோ அதற்குத்தான் முதல் இடம்.

ரோலரைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ரப்பர் விரலை லேசாகப் பிடிக்கும், மங்கலாக இருக்கும். கெட்டுப்போன ரப்பர் கண்ணாடி போல மினுங்கும், விரல் வழுக்கும். அல்லது வெள்ளைத் தூள் படிந்திருக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு கையால் ரோலரை மெல்லச் சுழற்றியபடி அகலம் முழுவதும் துடையுங்கள். முன்னால் தெரியும் பகுதியை மட்டும் துடைத்துவிட்டு விட்டால் மறுபாதி அப்படியே இருக்கும். அப்போது ஒரு தாள் வரும், ஒரு தாள் வராது; ஆளைக் குழப்பும். துணியில் கறுப்பு ஒட்டாத வரை தொடருங்கள். மை அல்லது பிசுக்கு இருந்தால் மட்டும் துணியின் முனையில் கொஞ்சம் ஆல்கஹால். நன்றாகக் காய்ந்த பிறகே ஓட்ட வேண்டும்.

ரோலரைச் சுழற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல மெஷின்களில் பிக்கப் ரோலர் ஒரு பக்கம் மட்டும் சுதந்திரமாகச் சுற்றும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். ஒருவழி கிளட்ச் என்பது இதுதான். அந்த அமைப்புள்ள ரோலர் இரண்டு பக்கமும் சுற்றினாலோ, இரண்டு பக்கமும் இறுகினாலோ கிளட்ச் போய்விட்டது. எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை.

அடுத்து பேட். பெரும்பாலான மெஷின்களில் இது எளிதாகக் கழன்று வரும். கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் ரோலர் உரசிய இடம் பள்ளமாகவோ மினுமினுப்பாகவோ தெரியும். வெறும் தூள் என்றால் ஈரத் துணி போதும். மினுமினுப்பு ஏறியிருந்தால், அவசரத்துக்கு மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அன்றைய வேலையை முடிக்கலாம். அது தற்காலிகம்தான். பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரோலரும் பேட்டும் தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், புதியது பழையதோடு சரியாகச் சேராமல் சில வேளை பழைய கோளாறு நேர் எதிராகத் திரும்பும்: டபுள் ஃபீட் போய், தாள் வராத தொல்லை வரும். கைக்கு எட்டினால் ஜோடியாக மாற்றுவதே மேல்.

பேட் தேடும்போது ஒரு உபயோகமான செய்தி. டூப்ளிகேட்டர் தயாரித்த கெஸ்டெட்னர் நிறுவனத்தை ரிக்கோ 1995-இல் வாங்கியது. அதன் பிறகு ஒரே மெஷின் இரண்டு மூன்று பெயர்களில் விற்கப்பட்டிருக்கிறது. உங்கள் மாடல் பெயரில் பாகம் கிடைக்கவில்லை என்றால், அதற்கு இணையான வேறு பெயர் மாடலின் பாக எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

படி 5: இப்போது லீவர்

தாளும் சரி, ட்ரேயும் சரி, ரோலரும் பேட்டும் சுத்தம். அப்படியும் தொல்லை இருக்கிறது. இப்போதுதான் அழுத்தங்களைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் லீவர் அல்லது டயல் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக இரண்டு அழுத்தங்கள் இருக்கும். ஒன்று, பிக்கப் ரோலர் தாளை அழுத்துவது. மற்றது, பேட் ரோலரை அழுத்துவது. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றக் கூடாது.

தாள் வரவில்லை என்றால் ரோலர் அழுத்தத்தை ஒரு படி கூட்டுங்கள். பயனில்லையா? அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பேட் அழுத்தத்தை ஒரு படி குறையுங்கள். இரண்டு தாள் சேர்ந்து போனால் எதிர்த்திசை: முதலில் பேட் அழுத்தத்தைக் கூட்டுவது, பிறகு ரோலர் அழுத்தத்தைக் குறைப்பது. ரோலர் அழுத்தம் கூடினால் மேல் தாளை மட்டும் அது பிடிப்பதில்லை. மேல் தாளைக் கீழ்த் தாளோடும் சேர்த்து நசுக்குகிறது. தாளுக்கும் தாளுக்கும் உள்ள பிடி ஏறிவிடும். தாள் வரவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் டபுள் ஃபீட்டில் போய் நிற்பது இதனால்தான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முப்பது நாற்பது தாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று தாள் நன்றாகப் போனது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். சில மாடல்களில் பேட்டின் கோணத்தையும் மாற்றலாம். அதைக் கையேட்டைப் பார்த்தபடிதான் செய்ய வேண்டும். வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் ஒரு சோதனை. மெதுவாக ஓட்டினால் சரியாகிறது என்றால், பிடி ஏறக்குறைய எல்லையில் இருக்கிறது, ரோலர் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டபுள் ஃபீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எப்போதும் ஜாம் ஆகாது. இரண்டு தாளும் சேர்ந்தே போய், மேல் தாளில் மட்டும் அச்சாகி, கீழ்த் தாள் வெள்ளையாக அடுக்கில் போய்ச் சேர்ந்துவிடும். வினாத்தாள் கட்டின் நடுவில் வெற்றுத் தாள் வருவது இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்கச் சில மெஷின்களில் ஒளி ஊடுருவலை அளக்கும் வசதி இருக்கிறது. அடர்நிறத் தாளிலும், பின்பக்கம் அச்சான தாளிலும் அது ஏமாந்து, ஒரே தாளை இரண்டு என்று நினைத்து நிறுத்தும். அந்த மாதிரித் தாள்களுக்கு மட்டும் அந்த வசதியை அணைத்து வையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

படி 6: சாய்வு, நகர்வு, இல்லாத ஜாம்

அச்சு கோணலாக வருகிறது என்றதும் ஃபீடை, அதாவது தாள் எடுத்துச் செல்லும் அமைப்பை, குறை சொல்லாதீர்கள். தொடர்ந்து வந்த பத்துப் பிரதிகளை எடுத்து, விளிம்புகளை ஒன்றாகத் தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எல்லாப் பிரதியிலும் ஒரே அளவு கோணல் என்றால், மூலப்பிரதியைக் கண்ணாடியில் கோணலாக வைத்திருக்கிறீர்கள், அல்லது மாஸ்டர் டிரம்மில் கோணலாக ஏறியிருக்கிறது. புதிய மாஸ்டர் போட்டால் சரியாகிவிடும். கோணல் தாளுக்குத் தாள் மாறினால்தான் அது ஃபீட் கோளாறு: பக்கத் தடுப்பு, ரோலரின் ஒரு பக்கத் தேய்மானம், டைமிங் ரோலரின் ஒரு பக்க அழுத்தக் குறைவு.

டைமிங் ரோலரின் அழுத்தத்தை அறிய, மெஷின் அணைந்திருக்கும்போது ஒரே அகலமுள்ள இரண்டு தாள் பட்டைகளை வெட்டி, ரோலரின் இடக்கோடியில் ஒன்றும் வலக்கோடியில் ஒன்றும் செருகி இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். ஒன்று சுலபமாக வந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அல்லது பேரிங்கை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கோணல் இல்லை, ஆனால் அச்சு மேலும் கீழுமாக நகர்கிறது என்றால் தாள் நேரம் தவறி வருகிறது. ரோலர் வழுக்குகிறது, நான்காவது படியை மறுபடி செய்யுங்கள். இரண்டு வண்ணம் அடிக்கிறவர்களுக்கு இந்தச் சில மில்லிமீட்டர்தான் பெரிய தலைவலி.

இல்லாத ஜாமுக்குக் காரணம் பெரும்பாலும் சென்சார்தான். தாள் பாதையில் ஒளியால் இயங்கும் சென்சார்கள் இருக்கும். அவற்றின் மேல் காகிதத் தூளோ கிழிந்த துண்டோ இருந்தால், தாள் அங்கேயே இருக்கிறது என்று மெஷின் நினைக்கும். டார்ச்சை அடித்துப் பாதை முழுவதும் பாருங்கள். நகம் அளவு துண்டு போதும். சென்சாரை உலர்ந்த மென் பிரஷால் துடையுங்கள், ஈரம் வேண்டாம். ஜன்னல் வெயில் மெஷினுக்குள் நேரே விழுந்தாலும் சில சென்சார்கள் குழம்பும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கோளாறு வருகிறது என்றால் திரைச்சீலையை இழுத்துப் பாருங்கள்.

படி 7: டிரம்மில் ஒட்டிக்கொண்டால்

தாள் டிரம்மைச் சுற்றிக்கொள்வது இந்த மெஷினுக்கே உரிய தொல்லை. மை பசை மாதிரி இழுக்கும். தாளின் முன்விளிம்பை டிரம்மிலிருந்து பிரிக்க ஒரு நகமோ காற்றடிப்போ இருக்கும். முன்விளிம்பிலேயே மை இருந்தால் அவற்றால் பிரிக்க முடியாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது மூலப்பிரதியை. தாள் முதலில் நுழையும் விளிம்பில் குறைந்தது 5 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். உங்கள் மாடல் அதிகம் கேட்டால் அதிகம். தலைப்பில் கறுப்புப் பட்டையோ பெரிய படமோ இருந்தால், மூலப்பிரதியை 180 டிகிரி திருப்பி வைத்து மாஸ்டர் எடுங்கள். கறுப்பு கடைசியில் வரும், முன்விளிம்பு சுத்தமாக இருக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே பல நேரம் தீர்ந்துவிடும். செலவும் ஒரு மாஸ்டரோடு போகும்.

பிறகு அச்சு அடர்த்தியைக் குறையுங்கள். தாள் மேல் நோக்கிச் சுருண்டிருந்தால் புரட்டுங்கள். மிக மெல்லிய தாள் என்றால் கொஞ்சம் கனமான தாளுக்கு மாறுங்கள். பிரிக்கும் நகத்தில் உறைந்த மையைத் துணியால் துடையுங்கள். கத்தி, ஸ்கேல், ஊசி எதுவும் டிரம்முக்கு அருகில் போகக் கூடாது. மாஸ்டரில் சிறு கிழிசல் விழுந்தாலும் அது வழியாக மை கசிந்து ஒவ்வொரு தாளையும் ஒட்டவைக்கும்.

தாள் தாமதமாகவோ சாய்வாகவோ வந்தால் டிரம்மின் மை நேராக, தாளை டிரம்மோடு அழுத்தும் பிரஷர் ரோலரில் படும். அடுத்து வரும் தாள்களின் பின்பக்கம் அழுக்காவது அதனால்தான். அந்த ரோலரை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் சில கழிவுத் தாள்களை ஓட்டிவிடுங்கள்.

படி 8: வெளிவாசல்

வெளித்தட்டின் தடுப்புகள் தாளின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். முனைத் தடுப்பு தாளின் நீளத்துக்கு. கிட்டத்தில் இருந்தால் தாள் முட்டி எகிறி, பின்னால் வரும் தாளுக்குக் குறுக்கே நிற்கும். மெல்லிய தாளுக்கு வளைவு கொடுக்கும் சிறகுகள் சில மெஷின்களில் இருக்கும், அவற்றை உயர்த்திப் பாருங்கள். தாளை இழுத்துச் செல்லும் பெல்ட்டில் மை பிசுக்கு இருந்தாலோ, உறிஞ்சும் விசிறியின் துளைகள் தூசியால் அடைத்திருந்தாலோ தாள் பாதியில் நின்றுவிடும்.

அடம்பிடிக்கும் தாள்கள்

ஒரு பக்கம் அச்சடித்த தாளை மறுபக்கம் ஓட்டும்போது அவசரப்படாதீர்கள். இந்த மெஷினின் மை நீரும் எண்ணெயும் கலந்த குழம்பு. வெப்பத்தால் உறையவைக்கப்படுவதில்லை, தாளுக்குள் ஊறித்தான் காய்கிறது. தொட்டால் ஒட்டாது என்று தோன்றினாலும் ரோலரின் அழுத்தத்தில் கிளம்பி வரும். அந்த மை ரோலரில் படிந்து, வழுக்கி, கடைசியில் ஃபீட் கோளாறாகவே முடியும். பல மணி நேரம் விடுங்கள். அடர்த்தியான படம் என்றால் மறுநாள்தான். பளபளப்பு பூசிய ஆர்ட் பேப்பரில் மை ஊறவே வழியில்லை, ரோலரும் வழுக்கும். அதை இந்த மெஷினில் ஓட்டாமல் இருப்பதே உத்தமம்.

கவரை ஓட்டும்போது மடல் இருக்கும் பக்கம் முன்னால் போகக் கூடாது. கொஞ்சமாக வையுங்கள், ஒவ்வொரு கட்டையும் உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு வையுங்கள். ஸ்டேப்பிள் போட்டுக் கழற்றிய தாள், மூலை மடிந்த தாள், ஏற்கெனவே ஒருமுறை சிக்கி நிமிர்த்திய தாள் எதையும் ட்ரேயில் வைக்காதீர்கள். மிச்சம் பிடிக்கிறோம் என்று அவற்றை வைத்துவிட்டு, அரை நாள் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது

நல்ல தாளில், சுத்தமான ரோலரில், நடு அழுத்தத்தில் தொடர்ந்து ஒரே இடத்தில் சிக்கினால்; ஒருவழி கிளட்ச் போயிருந்தால்; ட்ரே உயராமலோ சாய்ந்தோ நின்றால்; தாள் எடுக்கும்போது கடகடவென்று புதுச் சத்தம் கேட்டால். இவற்றில் திருகாணியைத் தொட வேண்டாம்.

கூப்பிடும்போது “பேப்பர் சிக்குகிறது” என்று மட்டும் சொன்னால் அவர் எந்தப் பாகத்தையும் எடுத்து வர முடியாது. மாடல் பெயர், திரையில் வந்த குறியீடு, முன்விளிம்பு நின்ற இடம், தாளின் ஜி.எஸ்.எம்., எந்த வேகத்தில் சிக்குகிறது, மொத்தப் பிரதிக் கணக்கில் இப்போதைய எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். சிக்கிய தாள்களில் நான்கைந்தை, எந்தப் பக்கம் முன்னால் போனது என்று பென்சிலால் அம்பு போட்டு, எடுத்து வையுங்கள். லீவர் முதலில் இருந்த இடத்தின் படத்தையும் அவருக்குக் காட்டுங்கள்.